மொபைல் சிக்னல் பூஸ்டர்: சட்டம் சொல்வது, தண்டனை, சட்டப்படி சிக்னல் பெறும் வழி

"எந்த பூஸ்டர் வாங்கினால் சட்டச் சிக்கல் வராது?" என்று கேட்பவர்கள் பலர். இந்தியாவில் தனிநபருக்கு அப்படி ஒரு பூஸ்டரே கிடையாது. சான்று பெற்றது, சான்று பெறாதது என்ற பிரிவினை கடைக்காரர் சொல்வது. சட்டம் சொல்வது அல்ல. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தைத் தவிர வேறு யார் வைத்திருந்தாலும், அது எவ்வளவு தரமான கருவியானாலும், சட்டவிரோதம்தான். பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாலும் அதே கதிதான். இதைப் புரிந்துகொள்ளாமல் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, மொட்டை மாடியில் கம்பம் நட்டு மாட்டிவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு விழிப்பவர்கள் அதிகம். கடைக்காரர்கள், கிளினிக் நடத்துபவர்கள், அப்பார்ட்மென்ட் சங்கத்தினர் எல்லோரும் இதில் உண்டு.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபை ரிப்பீட்டர், மெஷ் ரவுட்டர் ஆகியவை இதில் சேராது. அவை 2.4, 5 கிகாஹெர்ட்ஸில் உரிமம் தேவையில்லாத அலைவரிசையில் இயங்குபவை, தாராளமாக வைத்துக்கொள்ளலாம். இங்கே பேசுவது ஜியோ, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் ஆகியவற்றின் டவர் சிக்னலை வெளியே பிடித்து, பெருக்கி, உள்ளே விடும் கருவியைப் பற்றி மட்டும்.

எந்தச் சட்டம்?

அடிப்படை, 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கவே கூடாது என்கிறது. பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். அலைபரப்பும் எந்தக் கருவியும் அந்தச் சட்டத்தின் பார்வையில் 'டிரான்ஸ்மிட்டர்'. பூஸ்டர் இரண்டு பக்கமும் அலைபரப்புகிறது: உள்ளே உங்கள் கைபேசிக்கும், வெளியே டவருக்கும்.

இதோடு 1885-ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டமும் சேரும். தந்தி அமைக்கும் உரிமை மத்திய அரசுக்கே என்பது அதன் 4-ஆம் பிரிவு. தந்தி என்ற சொல்லுக்குள் இன்றைய மொபைல் நெட்வொர்க்கும் அடங்கும். பூஸ்டர் மாட்டுவது அனுமதியில்லாமல் கம்பியில்லாத் தந்தியை நிறுவி இயக்குவதாகவே கொள்ளப்படும்.

2022 ஜனவரி 21 அன்று தொலைத்தொடர்புத் துறை ஒரு பொது அறிவுரையை வெளியிட்டது. ஜாமர், ஜிபிஎஸ் தடுப்பான் ஆகியவற்றோடு பூஸ்டரையும் அது குறிப்பிட்டது. உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களைத் தவிர வேறு எந்த நபரோ அமைப்போ மொபைல் ரிப்பீட்டர் அல்லது பூஸ்டரை வைத்திருப்பதும், விற்பதும், பயன்படுத்துவதும் சட்டவிரோதம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஜூலை 2022-இல் அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் இதையே மீண்டும் நினைவூட்டியது. "அது வெறும் சுற்றறிக்கைதானே, சட்டமா?" என்று சில விற்பனையாளர்கள் வாதாடுவார்கள். சுற்றறிக்கை புதிய குற்றம் எதையும் உண்டாக்கவில்லை; 1933 முதல் இருக்கும் குற்றத்தைச் சாதாரண மொழியில் சொன்னது, அவ்வளவுதான். சுற்றறிக்கையைத் தூக்கி எறிந்தாலும் சட்டம் அங்கேயே இருக்கும்.

பிறகு தொலைத்தொடர்புச் சட்டம், 2023. இது ஒரே நாளில் முழுவதுமாக நடைமுறைக்கு வந்த சட்டம் அல்ல. 2024 ஜூன் 26, ஜூலை 5 ஆகிய தேதிகளில் சில பிரிவுகள் மட்டும் உயிர்பெற்றன. உரிமம், அனுமதி பற்றிய 3-ஆம் பிரிவும், பழைய சட்டங்களை நீக்கும் பிரிவும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே ஒரு வழக்கில் எந்தச் சட்டம் பொருந்தும் என்பது, குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் தேதியில் எந்தப் பிரிவு நடைமுறையில் இருந்தது என்பதைப் பொறுத்தது. நோட்டீஸ் கையில் வந்தால் வழக்கறிஞர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தண்டனை எவ்வளவு?

1933 சட்டத்தின் 6-ஆம் பிரிவில் இரண்டு நிலை உண்டு. அலைவாங்கி மட்டும் என்றால் முதல் முறை 100 ரூபாய் வரை, அடுத்த முறை 250 ரூபாய் வரை அபராதம். இந்தத் தொகையைக் காட்டித்தான் "நூறு ரூபாய் ஃபைன், அதுக்குப் போய் பயப்படலாமா?" என்று விற்கிறார்கள். அந்த நூறு ரூபாய் பூஸ்டருக்குப் பொருந்தாது. டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தால் உட்பிரிவு 1ஏ: மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1885 சட்டத்தின் 20-ஆம் பிரிவிலும் கம்பியில்லாத் தந்திக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அபராதத் தொகை சிறியதாகத் தெரியலாம். கவலைப்பட வேண்டியது சிறை என்ற சொல்லைப் பார்த்து. பாஸ்போர்ட், அரசு வேலை, வெளிநாட்டு விசா எல்லாவற்றிலும் "உங்கள் மீது குற்ற வழக்கு உண்டா?" என்ற கேள்வி வரும்.

2023 சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வேறு வழியில் போகிறது. அனுமதியோ விலக்கோ இல்லாமல் ரேடியோ கருவி வைத்திருந்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை, அதற்குப் பின் ஒவ்வொரு முறையும் 2 லட்சம் ரூபாய் வரை சிவில் அபராதம். சிறை இல்லை, ஆனால் பணம் கடிக்கும்.

ஜாமர் விஷயம் தனி. தொலைத்தொடர்பைத் தடுக்கும் கருவியை அனுமதியின்றி வைத்திருந்தால் 2023 சட்டத்தின் 48, 42 ஆகிய பிரிவுகளின்படி மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவுகள் 2024-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டன. பூஸ்டர் விற்பவர்கள் சிலர் தேர்வு மையம், வழிபாட்டுத் தலம் என்று சொல்லி ஜாமரையும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள். தொடவே தொடாதீர்கள்.

யார் மீது வழக்கு வரும் என்பதில் பலருக்கும் தவறான எண்ணம் இருக்கிறது. வாங்கியவர் ஒருவர், மாட்டியவர் எலக்ட்ரீஷியன், இடம் வேறொருவருடையது என்றால் தப்பிக்கலாம் என்று நினைக்கிறார்கள். 1933 சட்டத்தின்படி, கருவி யாருடைய வெளிப்படையான கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அல்லது அது இருக்கும் இடம் யாருடைய கட்டுப்பாட்டில் இருக்கிறதோ, அவர் வசம் அது இருப்பதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம். அப்பார்ட்மென்ட் மொட்டை மாடி சங்கத்தின் கையில் இருந்தால், சங்கச் செயலாளர் பதில் சொல்ல வேண்டி வரும். வாடகைக் கடையில் முந்தைய வாடகைதாரர் விட்டுப்போன பூஸ்டர் ஓடிக்கொண்டிருந்தாலும் இன்றைக்குக் கடை யார் கையில் என்றுதான் கேட்பார்கள். இடம் மாறும்போது ஃபால்ஸ் சீலிங்கின் மேலே ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

பெட்டியில் இருக்கும் முத்திரைகள்

விற்பனைப் பக்கத்தில் 'அரசு அங்கீகாரம்' என்று போட்டிருந்தால், அது எந்தச் சான்றிதழ் என்று கேளுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். சிஇ முத்திரை ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தானே செய்துகொள்ளும் அறிவிப்பு; இந்தியாவில் அதற்கு மதிப்பில்லை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) எண் இருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் மின் அடாப்டருக்குக் கொடுத்தது. தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி (கம்பியில்லாத் திட்டமிடல்) பிரிவு தரும் இடிஏ (கருவி வகை ஒப்புதல்) சான்றிதழ் உரிமம் தேவையில்லாத அலைவரிசைக் கருவிகளுக்கானது. சான்றிதழைத் திறந்து அலைவரிசை வரியைப் படியுங்கள், 2400–2483.5 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது புளூடூத் அல்லது வைஃபை பகுதிக்கு வாங்கியது. 900, 1800, 2100, 2300 எல்லாம் ஏலத்தில் எடுத்த நிறுவனங்களின் அலைக்கற்றை. அதில் அலைபரப்ப மூன்றாம் நபருக்கு எந்தச் சான்றிதழும் உரிமை தராது.

அமெரிக்காவிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தரும் பூஸ்டர் இன்னும் மோசம். அமெரிக்காவில் 2013-இல் கொண்டுவந்த விதிகளின்படி சான்று பெற்ற பூஸ்டரை நெட்வொர்க் நிறுவனத்திடம் பதிவு செய்து, அதன் ஒப்புதலோடு வீட்டில் பயன்படுத்தலாம். அந்தச் சான்று அந்த நாட்டோடு சரி. கருவியின் அலைவரிசையே இங்கே பொருந்தாது. அமெரிக்க 850 பேண்டில் (அலைவரிசைப் பகுதியில்) டவர் பேசும் பகுதி 869–894 மெகாஹெர்ட்ஸ். இந்தியாவில் 890–915 என்பது 900 பேண்டில் கைபேசி டவரிடம் பேசும் பகுதி. நடுவில் 4 மெகாஹெர்ட்ஸ் மோதுகிறது. அவர்களின் 1900 பேண்டில் கைபேசி பேசும் 1850–1910-இல், 1880 வரையிலான பகுதியில் இங்கே டவர் பேசுகிறது. அங்கே ஒழுங்காக வேலை செய்த அதே பெட்டி இங்கே தெருவில் போகிறவர்களின் கைபேசி கேட்கும் அலைவரிசையில் இரைச்சலைக் கொட்டும். விமான நிலையத்தில் பிடிபட்டால் 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டப்படி பறிமுதலும் தனி அபராதமும் உண்டு.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

"என் வீட்டுக்குள்ளதானே சிக்னல் ஏத்திக்கிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?" இந்தக் கேள்விக்கு எண்களோடு பதில் சொல்ல முடியும்.

கைபேசி எவ்வளவு சக்தியில் பேச வேண்டும் என்பதை டவர் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அருகில் இருக்கும் கைபேசியை அடக்கி, தூரத்தில் இருப்பதை உயர்த்தி, எல்லோருடைய குரலும் தன்னிடம் சமமாக வந்து சேரும்படி பார்த்துக்கொள்கிறது. மலிவான பூஸ்டர் டவரின் எந்தக் கட்டளையையும் கேட்பதில்லை. யாரும் பேசாத நேரத்திலும் அது சும்மா இருப்பதில்லை. தன் உள்ளே இருக்கும் மின் இரைச்சலையே பெருக்கி டவருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இயற்கை இரைச்சல் மைனஸ் 107 டிபிஎம் (சிக்னல் சக்தியின் அளவு; மைனஸ் எண் பெரிதானால் சக்தி குறைவு). பூஸ்டரின் சொந்த இரைச்சல் 5 டெசிபல், பெருக்கம் 70 டெசிபல் என்றால் வெளியே வருவது மைனஸ் 32 டிபிஎம். ஒரே திசையைக் குறிவைக்கும் யாகி ஆண்டெனா 10 டெசிபல் கூட்டும்: மைனஸ் 22. டவர் ஒரு கிலோமீட்டரில் நேரெதிரே இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸில் வழியில் 91.5 டெசிபல் போய்விடும்; டவர் ஆண்டெனா 17 டெசிபலைத் திரும்பக் கூட்டும். டவரின் காதில் விழுவது மைனஸ் 96.5 டிபிஎம். டவரின் சொந்த இரைச்சல் மட்டம் ஏறக்குறைய மைனஸ் 104. அதாவது ஒரே ஒரு பூஸ்டர், ஒரு அழைப்பும் இல்லாமல், அந்த டவர் கேட்கும் தரையைச் சுமார் 8 டெசிபல் உயர்த்திவிட்டது. கட்டடங்கள் நிறைந்த ஊர்ப்பகுதியில் இது டவர் எட்டும் தூரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை குறைக்கப் போதுமானது. ஓரத்தில் இருக்கும் வீட்டில் ஆம்புலன்ஸுக்குப் போன் போடுபவருக்கு அழைப்பு போகாது. காரணம் உங்கள் மாடியில் இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அடுத்தது, பலரும் 'விசில் அடிக்கிறது' என்று சொல்லும் கோளாறு. உள் ஆண்டெனா விடும் சிக்னலை வெளி ஆண்டெனா மறுபடி பிடித்தால், மைக் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்ததுபோல் சுற்றிச் சுற்றிப் பெருகும். இது நடக்காமல் இருக்க இரண்டு ஆண்டெனாவுக்கும் இடையே பெருக்கத்தைவிட 15 டெசிபலாவது கூடுதல் தடுப்பு வேண்டும். 70 டெசிபல் பூஸ்டருக்கு 85. சாதாரண வீட்டில் 5 மீட்டர் உயர வித்தியாசம் 45 டெசிபல், ஒரு கான்கிரீட் தளம் 15, ஆண்டெனாவின் பின்பக்கத் தடுப்பு 15 என்று கூட்டினால் 75-தான் தேறும். தானே அணைந்துகொள்ளும் சுற்று இல்லாத மலிவுக் கருவிகள் அப்போது முழுச் சக்தியில் இடைவிடாமல் கத்தும். ஒரு பகுதியின் நெட்வொர்க்கே படுத்துவிடும்.

ஜியோவும் ஏர்டெல்லும் 4ஜிக்குப் பயன்படுத்தும் 2300, 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் டவரும் கைபேசியும் ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசுகின்றன. அந்த நேரக்கணக்கோடு இணையாத பூஸ்டர் தவறான தருணத்தில் கத்தும். 'ஃபைவ் பேண்ட்' என்று விளம்பரம் செய்யும் பெட்டிகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நெட்வொர்க் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஒவ்வொரு டவரின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரைச்சல் மட்டம் தொடர்ந்து பதிவாகிறது. காலை பத்து மணிக்கு ஏறி இரவு ஒன்பதுக்கு இறங்கினால் அது கடை. 24 மணி நேரமும் இருந்தால் வீடு அல்லது லாட்ஜ். ஞாயிறு மட்டும் இல்லையென்றால் அலுவலகம். இரண்டு மூன்று டவர்களின் பதிவை ஒப்பிட்டாலே எந்தத் தெரு என்று சுருக்கிவிடலாம். பிறகு ஸ்பெக்ட்ரம் அனலைசரும் (அலைவரிசைகளை அளக்கும் கருவி) கையில் பிடிக்கும் யாகி ஆண்டெனாவும் எடுத்துக்கொண்டு நடந்து வருவார்கள். புகார் தொலைத்தொடர்புத் துறையின் வானலைக் கண்காணிப்பு அமைப்புக்குப் போகும். சென்னையிலும் அதற்கு நிலையம் உண்டு. மாடியில் யாகி ஆண்டெனா டவரைப் பார்த்து நிற்பது வெளியிலிருந்தே தெரியும். ஒளித்து வைக்க முடியாத பொருள் இது.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

இன்றே மின்சாரத்தைத் துண்டியுங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது. அடாப்டரை எடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு கேபிளையும் கழற்றுங்கள். முதலில் அடாப்டர், பிறகு கேபிள் என்பதே வரிசை. ஓடிக்கொண்டிருக்கும்போது ஆண்டெனா கேபிளைக் கழற்றினால் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் எரியக்கூடும். அதற்கு முன் விசிலடிக்கவும் செய்யும். வெளி ஆண்டெனாவை இறக்கிவிடுங்கள்.

பழைய பொருள் தளங்களில் போட்டு விற்காதீர்கள், தெரிந்தவருக்கும் கொடுக்காதீர்கள். விற்பது தனிக் குற்றம். விளம்பரத்தில் உங்கள் போன் எண்ணும் இருக்கும். நோட்டீஸ் எதுவும் வராத நிலையில், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுத்து ரசீது வாங்குவது நல்ல வழி. நோட்டீஸ் வந்துவிட்டால் அதை அழிக்கக் கூடாது, அது சாட்சியம்.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா? சட்டவிரோதமான பொருளைச் சட்டப்படியானது என்று விற்றது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரமும் நியாயமற்ற வணிக நடைமுறையும் ஆகும். பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், 'அங்கீகாரம் பெற்றது' என்று எழுதியிருந்த வரி ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். ஆனால் அதற்கு முன் கருவியை இறக்கியிருக்க வேண்டும்.

ஆய்வுக்கு வந்தால் பதற்றப்பட வேண்டாம். வந்தவரின் அடையாள அட்டையைப் பாருங்கள். நெட்வொர்க் நிறுவனத்தின் ஊழியர் மட்டும் வந்திருந்தால் அவருக்குச் சோதனையிடும் அதிகாரம் இல்லை. அவர் அணைக்கச் சொன்னால் அணைத்துவிடுவதே புத்திசாலித்தனம், பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மத்திய அரசு அதிகாரம் அளித்த அதிகாரிக்கு 1933 சட்டத்தின் 7-ஆம் பிரிவு சோதனையிடவும் கருவியைக் கைப்பற்றவும் உரிமை தருகிறது. தடுக்காதீர்கள். மகஜரில் (கைப்பற்றியதைப் பதியும் ஆவணம்) கருவியின் மாடல், வரிசை எண், எத்தனை ஆண்டெனா, எந்த நிலையில் இருந்தது என்பதெல்லாம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திட்டு, நகல் கேளுங்கள். "வெறும் பேப்பரில் சைன் போடுங்க" என்றால் போடக் கூடாது. எழுத்துப்பூர்வ பதிலை வழக்கறிஞரைக் கலந்த பிறகே கொடுங்கள். எப்போது வாங்கினீர்கள், யாரிடம், அணைத்த தேதி எது என்ற மூன்றும் அதில் ஆதாரத்தோடு இருக்க வேண்டும்.

சட்டப்படி சிக்னல் பெறுவது

அளப்பதிலிருந்து தொடங்குங்கள். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் *#*#4636#*#*, சாம்சங்கில் *#0011#, ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் ஆர்எஸ்ஆர்பி என்ற, டவர் சிக்னலின் பலத்தைச் சொல்லும் எண் தெரியும். மைனஸ் 90-க்கு மேல் நன்று. மைனஸ் 105 வரை சமாளிக்கலாம். மைனஸ் 115-க்குக் கீழே போனால் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். மொட்டை மாடியிலும் ஒவ்வொரு அறையிலும் அளந்து எழுதுங்கள். எந்த பேண்ட் என்பதையும் சேர்த்து. மாடியில் மைனஸ் 85, ஹாலில் மைனஸ் 110 என்றால் டவர் நன்றாக இருக்கிறது, சுவர்தான் தடுக்கிறது. மாடியிலேயே மைனஸ் 115 என்றால் டவரே தூரம். வால்பாறை, ஏற்காடு போன்ற மலைப்பகுதி வீடுகளில் இதுதான் அதிகம். இரண்டுக்கும் மருந்து வேறு.

சுவர் தடுக்கும் வீட்டுக்கு வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை வழியே பேசும் வசதி) போதும். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் இதைத் தொடங்கின. தனிக் கட்டணம் இல்லை. கைபேசி செட்டிங்ஸில் வோல்டிஇ, வைஃபை காலிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக. ஆன் செய்தும் வேலை செய்யவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. கைபேசி மைனஸ் 118-இல் தொங்கும் டவர் சிக்னலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து சோதியுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ரவுட்டர் தடுக்கிறது. வைஃபை காலிங் யுடிபி 500, 4500 ஆகிய போர்ட்டுகளின் வழியே ஐபிசெக் என்ற மறையாக்க இணைப்பாகப் போகிறது. அலுவலக ஃபயர்வால்கள் இதை அடைத்துவைத்திருக்கும். ரவுட்டர் அமைப்பில் ஐபிசெக் பாஸ்த்ரூவைத் திறந்துவிடச் சொல்லுங்கள். கரண்ட் போனால் பேச்சும் போய்விடும் என்பதால் ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வையுங்கள்.

ஃபைபர் இல்லாத, டவர் தூரமான இடத்துக்கு வெளி ஆண்டெனா பொருத்தும் வசதி கொண்ட 4ஜி ரவுட்டர் சிறந்தது. உள்ளே சிம் போடுவதால் அது டவரின் கட்டளையைக் கேட்டு நடக்கும் முனையக் கருவி. கைபேசியைப் போலத்தான், பூஸ்டர் அல்ல. பல அலைவரிசைகளைப் பிடிக்கும் இரண்டு லாக் பீரியாடிக் ஆண்டெனாவை ஒன்று இடப்பக்கமும் மற்றொன்று வலப்பக்கமும் 45 டிகிரி சாய்த்து ஒரே கம்பத்தில் டவரை நோக்கி மாட்டுங்கள். பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று ஆர்ஜி-58 கேபிள் போட்டால் 1800 மெகாஹெர்ட்ஸில் பத்து மீட்டரில் ஏழு டெசிபல் போல இழந்து, ஆண்டெனா தந்த லாபம் முழுவதும் கேபிளிலேயே கரையும். எல்எம்ஆர்-400 என்றால் இழப்பு இரண்டு டெசிபல் அளவுதான். ரவுட்டரையே மேல்மாடிக்குக் கொண்டுபோய், கீழே ஈதர்நெட் கேபிள் இறக்குவது இன்னும் நல்லது. அந்த வைஃபையிலேயே வைஃபை காலிங் ஓடும்.

இன்னொரு நெட்வொர்க்குக்கு மாறுவதும் மருந்துதான். பக்கத்து வீட்டுக்காரரின் கைபேசியை ஒவ்வொரு அறைக்கும் எடுத்துச் சென்று அளந்துவிட்டு, பிறகு 1900-க்கு போர்ட் குறுஞ்செய்தி அனுப்புங்கள்.

நிறுவனத்தை அசைக்கும் புகார்

"சிக்னல் இல்லை" என்று 198-இல் சொன்னால் "போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்பார்கள். அளவுகளோடு எழுதிய புகார் நேராகத் தொழில்நுட்பக் குழுவிடம் போகும். இப்படி எழுதலாம்:

"எங்கள் அப்பார்ட்மென்ட்டில் 48 வீடுகள் உள்ளன. மொட்டை மாடியில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 88, இரண்டாம் மாடி வராந்தாவில் மைனஸ் 109, தரைத்தள பார்க்கிங்கில் சேவையே இல்லை. மூன்று நாட்கள் காலை, மாலை எடுத்த அளவுகளின் ஸ்கிரீன்ஷாட், செல் ஐடி, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை இணைத்துள்ளோம். கட்டடத்தின் உள்ளே சேவை தரும் அமைப்பை நிறுவ ஆய்வு செய்யக் கோருகிறோம். கேபிள் போக இடமும் மின் இணைப்பும் தரச் சங்கம் தயார்."

கடைசி வரிதான் முக்கியம். இடமும் மின்சாரமும் யார் தருவது என்ற பேச்சிலேயே பல கோரிக்கைகள் மாதக்கணக்கில் நின்றுபோகும். டாக்கெட் (புகார்) எண்ணை வாங்கி வையுங்கள். பதில் திருப்தியில்லை என்றால் 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். 2012-ஆம் ஆண்டு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிகளின்படி அவர் 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராயின் 2024 தர விதிகளின்படி நிறுவனங்கள் தங்கள் சேவைப் பரப்பின் வரைபடத்தை இணையதளத்தில் காட்ட வேண்டும். வரைபடத்தில் உங்கள் தெரு பச்சையாக இருந்து, உங்கள் அளவு மைனஸ் 115 என்றால் அதை மேல்முறையீட்டோடு இணையுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. தொலைத்தொடர்பு வழக்குகளை நுகர்வோர் மன்றம் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

நிறுவனமே ரிப்பீட்டரோ சிறு செல்லோ வைத்தால் அது சட்டப்படியானது. ஆனால் "கம்பெனியிலிருந்து வர்றோம்" என்று சொல்லிக்கொண்டு பணம் வாங்கிப் பெட்டி மாட்டும் ஆட்களும் உண்டு. நிறுவனத்தின் கடிதத் தாளில் தள எண், கருவியின் வரிசை எண், அலைவரிசை, பராமரிப்புப் பொறுப்பு யாருடையது என்ற நான்கும் எழுத்தில் வராமல் கம்பம் நட விடாதீர்கள். உண்மையான நிறுவனக் கருவி நிறுவனத்தின் சொத்தாகவே இருக்கும். உங்களுக்கு விற்பனை பில் வராது. பில் வந்தால் அது சந்தேகத்துக்குரியது.

பக்கத்துக் கட்டடத்தில் பூஸ்டர் என்று சந்தேகம் வந்தால்

ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் அழைப்பு போகவில்லை, எதிராளிக்கு உங்கள் குரல் உடைந்து கேட்கிறது, அப்லோடு வேகம் மட்டும் படுத்துவிட்டது, இது தினமும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் சரியாகிறது என்றால் பூஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். டவுன்லோடு சரியாக இருந்து அப்லோடு கெடுவதே இதன் அடையாளம். ஒரு வாரம் நேரத்தோடு குறித்து, இரண்டு மூன்று வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு 198 வழியாகவும் மின்னஞ்சலிலும் "அப்லிங்க் இடையூறு" (கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் சிக்னலில் இடையூறு) என்ற சொல்லோடு புகார் கொடுங்கள். அந்தச் சொல் இருந்தால் அது வாடிக்கையாளர் சேவையிலிருந்து நெட்வொர்க் பிரிவுக்கு நகரும். அங்கிருந்து கண்காணிப்பு அமைப்புக்குப் போகும். நீங்களே அவர்கள் மாடியில் ஏறிக் கேபிளை வெட்டாதீர்கள். அத்துமீறி நுழைந்ததற்கும் பொருளைச் சேதப்படுத்தியதற்கும் வழக்கு உங்கள் மேல் திரும்பும். பேசிப் பார்க்க முடிகிற அண்டை வீட்டுக்காரர் என்றால், 1933 சட்டத்தின் மூன்று ஆண்டுச் சிறையைச் சொல்லி, வைஃபை காலிங் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள். பாதிப் பேர் அன்றே கழற்றிவிடுவார்கள்.